இயக்க வரைபை வாசிக்கப் பழகுவது: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தரம் 10 விஞ்ஞானத்தில் நேர்கோட்டு இயக்கம் படிக்கும்போது இந்த வரைபுகள் முதன்முதலாக வருகின்றன. உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்தால் திரும்பவும் வரும். இணைந்த கணிதம் எடுத்தால் அங்கேயும் வரும். இயக்கச் சமன்பாடுகளை நித்திரையிலும் சொல்லக்கூடிய பிள்ளைகள் பலர், ஒரு வேக - நேர வரைபைக் கொடுத்து "இந்த வாகனம் எந்த நேரத்தில் திரும்பியது?" என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கணக்கில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். வரைபை ஒரு படமாகப் பார்க்கிறார்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கே சொல்லப்போகும் முறை எளிது. முதலில் நீங்களே நடந்து, அளந்து, உங்கள் நடையை வரைபாக்குங்கள். புத்தகத்து வரைபுகளை அதற்குப் பிறகு எடுங்கள். வரைபுத்தாள், கூரான பென்சில், அடிமட்டம், ஒரு அளவுநாடா அல்லது நீளம் குறித்த கயிறு, நிறுத்தற்கடிகாரம் உள்ள ஒரு போன், கூட வர ஒரு ஆள் இருந்தால் போதும். இடத்துக்கு நம்மிடம் குறைவில்லை. உப்புவெளிப் பக்கம் தண்ணீரோடு ஒட்டி மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் நேராக ஐம்பது மீற்றர் நடக்கலாம்.

கோட்டுக்கு முன் அச்சு

எந்த வரைபு வந்தாலும் முதல் வேலை, நடுவிலுள்ள கோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டு அச்சுகளையும் அலகுகளோடு வாய்விட்டு வாசிப்பது. கிடை அச்சில் நேரம், செக்கனில். நிலைக்குத்து அச்சில் இடப்பெயர்ச்சியா, தூரமா, வேகமா, ஆர்முடுகலா (வேகம் மாறும் வீதமா)? அதைச் சொன்ன பிறகு கையை எடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரே கோடு அச்சுக்கு அச்சு வேறு கதை சொல்லும். இடப்பெயர்ச்சி - நேர வரைபில் கிடையாகப் போகும் கோடு, ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்கிறது. அதே கிடைக்கோடு வேக - நேர வரைபில் வந்தால் அவர் மாறாத வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். அச்சைப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

படமாகப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று அறிய ஒரு கேள்வி. பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து ஒருவர் சைக்கிளில் கோணேஸ்வரர் கோவிலுக்குப் போகிறார். தொடக்கத்தில் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் மிதிக்கிறார். ஏற்றம் வரவர மூச்சு வாங்கி செக்கனுக்கு 2 மீற்றருக்கு இறங்குகிறார். மேலே போய் நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே வழியாகக் கீழே உருண்டு வருகிறார். அவருடைய கதி - நேர வரைபை வரையுங்கள் (கதி என்றால் திசையைக் கருதாத வேகம்).

மேலே வாசிக்க முன் வரைந்து பார்த்துவிடுங்கள். புதிதாகப் படிப்பவர்களில் நிறையப் பேர் கோவில் இருக்கும் சுவாமி மலையையே வரைந்துவிடுவார்கள்: கோடு ஏறும், உச்சியில் கிடையாக நிற்கும், பிறகு இறங்கும். சரியான வரைபு கிட்டத்தட்ட அதற்குத் தலைகீழ். பாதை ஏறும் இடத்தில் கதிக் கோடு 5 இலிருந்து 2 க்கு இறங்குகிறது. உச்சியில் பூச்சியத்தைத் தொட்டு அச்சோடு படுத்துக் கிடக்கிறது. பாதை இறங்கத் தொடங்கும்போதுதான் கோடு ஏறுகிறது. வரைபுத்தாளில் மலைக்கு இடமே இல்லை, அச்சில் எழுதியிருப்பது கதி மட்டும்தான். இதே பயணத்துக்குத் தூர - நேர வரைபு வரைந்தால் அது எங்கேயும் இறங்காது. முதலில் நன்றாக நிமிர்ந்தும், ஏற்றத்தில் சரிவு குறைந்தும், உச்சியில் கிடையாகவும், இறக்கத்தில் மறுபடி நிமிர்ந்தும் மேலே போய்க்கொண்டே இருக்கும். நடந்த தூரம் குறைவதில்லையே.

இந்த ஒரு கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டவர் பாதி வழி வந்துவிட்டார் என்பது என் எண்ணம். அவசரப்படாமல் இதில் நில்லுங்கள்.

கரையில் அளந்து வரைவது

இப்போது மணலுக்குப் போவோம். ஒரு குச்சியை நட்டு அதைப் பூச்சியம் என்று வையுங்கள். அங்கிருந்து நேராக 10, 20, 30, 40 மீற்றரில் மற்றக் குச்சிகள். நீங்கள் நட்ட முதல் குச்சியிலிருந்து, எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதுதான் இடப்பெயர்ச்சி. குச்சிகள் இருக்கும் பக்கம் நேர் (+), மற்றப் பக்கம் மறை (−). நிலாவெளிப் பக்கத்தை நேர் என்று எடுப்பதும், நகரப் பக்கத்தை நேர் என்று எடுப்பதும் உங்கள் விருப்பம். எடுத்த பிறகு நடுவில் மாற்றக் கூடாது.

கூட்டாளி போனோடு நிற்கட்டும். நீங்கள் வழக்கமான நடையில், கூட்டாமல் குறைக்காமல், குச்சி வரிசையை ஒட்டி நடங்கள். ஒவ்வொரு குச்சியையும் கடக்கும்போது அவர் அந்த நேரத்தைப் பதியும் லாப் பொத்தானை அழுத்த வேண்டும். இப்படி ஒரு அட்டவணை கிடைக்கலாம்: 10 மீற்றருக்கு 8.3 செக்கன், 20 க்கு 15.8, 30 க்கு 24.4, 40 க்கு 31.9.

வரைபுத்தாளில் அளவிடையைத் தெரிவுசெய்யும்போது 1, 2, 5, 10 போன்ற எண்களையே எடுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு 3 செக்கன் என்று எடுத்தால் ஒவ்வொரு சின்னக் கட்டமும் 0.3 ஆகிவிடும், புள்ளி குறிக்கும் இடமெல்லாம் பிழைக்கும். இங்கே ஒரு சென்ரிமீற்றருக்கு 5 செக்கன், மற்ற அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு 5 மீற்றர் பொருத்தம். புள்ளிகளைச் சின்னப் புள்ளடியாகக் குறியுங்கள். குண்டுப் புள்ளி வைத்தால் அதன் நடு எது என்று நீங்களே தேட வேண்டி வரும்.

குறித்துப் பார்த்தால் ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் கச்சிதமாக இராது. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. பொத்தானை அழுத்திய விரல் ஒருமுறை முந்தியிருக்கும், ஒருமுறை பிந்தியிருக்கும். புள்ளிக்குப் புள்ளி முறித்து முறித்து இணைக்காதீர்கள். அப்படி இணைத்தால் நீங்கள் ஒவ்வொரு குச்சியிலும் திடீரென்று நடையை மாற்றினீர்கள் என்று வரைபு சொல்லும். எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவாகப் போகிற ஒரே நேர்கோட்டை அடிமட்டத்தால் வரையுங்கள்.

அடுத்து படித்திறன், அதாவது கோட்டின் சரிவு. கோட்டின் மேல் நன்றாகத் தள்ளியுள்ள இரண்டு இடங்களை எடுங்கள். அட்டவணைப் புள்ளிகளையே எடுக்கப் பலருக்குக் கை போகும், அது வேண்டாம். கோடு எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக வரைந்தது, ஆகவே கோட்டிலுள்ள இடத்தை எடுப்பதுதான் முறை. என் கோட்டில் 4 செக்கனில் 5 மீற்றர், 28 செக்கனில் 35 மீற்றர். ஏற்றம் 30 மீற்றர், அதற்கு எடுத்த நேரம் 24 செக்கன். 30 ஐ 24 ஆல் பிரித்தால் 1.25. மீற்றரைச் செக்கனால் பிரித்ததால் அலகு செக்கனுக்கு மீற்றர். அதாவது வேகம். 3.6 ஆல் பெருக்கினால் மணிக்கு 4.5 கிலோமீற்றர், சாதாரண மனித நடைக்குச் சரியான அளவு. விடை 12.5 என்று வந்திருந்தால் நீங்கள் ஓட்டப்பந்தய வீரரை விட வேகமாக நடந்திருக்கிறீர்கள், எங்கேயோ தசமம் தவறியிருக்கிறது. கிடைத்த விடையை உங்கள் காலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை விடவேண்டாம்.

ஒரு தடவை வரைந்ததோடு நிறுத்தாமல் நடையை மாற்றிப் பாருங்கள். வேகமாக நடந்தால் கோடு இன்னும் நிமிரும். 20 மீற்றரில் பத்துச் செக்கன் நின்றுவிட்டுப் போனால் நடுவில் ஒரு கிடைத்துண்டு வரும். 40 மீற்றர்க் குச்சியிலிருந்து தொடங்கிப் பூச்சியத்துக்குத் திரும்பி நடந்தால் கோடு மேலிருந்து கீழே இறங்கும், படித்திறன் மறையாகும், வேகமும் மறை. நீங்கள் முன்பக்கம் பார்த்துத்தான் நடந்தீர்கள், ஆனால் நீங்கள் வைத்த நேர்த்திசைக்கு எதிரே போனீர்கள். மறைக்குறி சொல்வது அவ்வளவுதான்.

பிறகு மாற்றி விளையாடுங்கள். கூட்டாளி மணலில் ஒரு வரைபைக் கீறட்டும், நீங்கள் அதை நடந்து காட்டவேண்டும். சின்னப் பிள்ளைகள் இதில் மிக விரைவாகத் தேறுகிறார்கள். அவர் குறும்புக்கு நேர் மேலே போகும் ஒரு செங்குத்துக் கோடு கீறினால் அதை உங்களால் நடக்க முடியாது. ஒரே கணத்தில் 10 மீற்றரிலும் 30 மீற்றரிலும் நிற்க எந்தக் காலாலும் ஆகாது. கோடு வளைந்து பின்பக்கம் திரும்பினாலும் அப்படித்தான், நேரம் பின்னே போவதில்லை. இதைக் காலால் உணர்ந்த பிள்ளை பரீட்சையில் அப்படியொரு வரைபைக் கண்டவுடன் இது நடக்காத இயக்கம் என்று தள்ளிவிடும்.

தூரமும் இடப்பெயர்ச்சியும் எங்கே பிரிகின்றன என்பதற்கு நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போகும் படகை எடுக்கலாம். தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். கணக்குக்காக 1000 மீற்றர் என்றே வைப்போம். படகு 200 செக்கனில் போய், ஆட்களை இறக்க 100 செக்கன் நின்று, 250 செக்கனில் கரைக்குத் திரும்புகிறது. இடப்பெயர்ச்சி - நேர வரைபு பூச்சியத்திலிருந்து 1000 க்கு ஏறி, கிடையாக நின்று, மறுபடி பூச்சியத்துக்கு இறங்கும். முதல் துண்டின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், கடைசித் துண்டின் வேகம் செக்கனுக்கு −4 மீற்றர். மொத்தம் 550 செக்கனில் ஓடிய தூரம் 2000 மீற்றர், சராசரிக் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 3.6 மீற்றர். சராசரி வேகமோ பூச்சியம், ஏனென்றால் படகு புறப்பட்ட கரையிலேயே நிற்கிறது. கதிக்குத் திசை இல்லை, வேகத்துக்குத் திசை உண்டு.

கோடு வளைந்தால்

சீரான நடைக்கு நேர்கோடு. ஆனால் நிலையத்திலிருந்து புறப்படும் பஸ் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். அதன் இடப்பெயர்ச்சி - நேர வரைபு தொடக்கத்தில் அச்சோடு படுத்திருந்து வரவர நிமிரும் ஒரு வளைகோடு. பிறேக் போடும் பஸ்ஸுக்கு நிமிர்ந்த கோடு வரவரச் சாய்ந்து கடைசியில் கிடையாகும்.

வளைகோட்டுக்கு ஒரே படித்திறன் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். ஒரு கணத்தின் வேகம் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியில் தொடலி, அதாவது வளைகோட்டை அங்கே தொட்டுச் செல்லும் நேர்கோடு, வரைந்து அதன் படித்திறனைக் காண வேண்டும். கண்மதிப்பில் தொடலி வரைவது தொடக்கத்தில் சிரமம். ஒரு சின்னத் தளவாடித் துண்டு இருந்தால் வேலை சுலபம். ஆடியைத் தாளின் மேல் நிமிர்த்தி, வளைகோட்டைக் குறுக்கே வெட்டும்படி அந்தப் புள்ளியில் வையுங்கள். ஆடிக்கு முன்னாலுள்ள கோடும் ஆடிக்குள் தெரியும் அதன் விம்பமும் சேரும் இடத்தில் ஒரு முறிவு தெரியும். முறிவு மறைந்து ஒரே வழுவழுப்பான வளைவாகத் தெரியும் வரை ஆடியை மெல்லத் திருப்புங்கள். இப்போது ஆடியின் அடியோரமாக ஒரு கோடு கீறினால் அது செவ்வன். அதற்குச் செங்குத்தாக அந்தப் புள்ளியூடாக வரைவதுதான் தொடலி.

வேக - நேர வரைபு: உயரம், சரிவு, பரப்பு

நிலாவெளி வீதியில் ஒரு பஸ் இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவே ஓடுவதை எடுப்போம். ஓய்விலிருந்து 10 செக்கனில் செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தைப் பிடிக்கிறது. அதே வேகத்தில் 30 செக்கன் ஓடுகிறது. பிறகு 6 செக்கனில் பிறேக் போட்டு நிற்கிறது. செக்கனுக்கு 12 மீற்றர் என்பது மணிக்கு 43 கிலோமீற்றர் சொச்சம், ஊர் வீதிக்கு ஏற்ற வேகம்தான்.

இந்த வரைபைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை மூன்று. ஒரு கணத்தில் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அது அந்தக் கணத்தின் வேகம். கோடு எவ்வளவு சரிந்திருக்கிறது? அது ஆர்முடுகல். முதல் துண்டில் 12 ஐ 10 ஆல் பிரிக்க 1.2, நடுவில் பூச்சியம், கடைசியில் −12 ஐ 6 ஆல் பிரிக்க −2. அலகு ஒவ்வொரு செக்கனுக்கும் செக்கனுக்கு மீற்றர், அதாவது ஒவ்வொரு செக்கனிலும் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. கோட்டுக்குக் கீழே எவ்வளவு பரப்பு அடைபட்டிருக்கிறது? அது இடப்பெயர்ச்சி.

மூன்றாவதுதான் பலருக்கும் மந்திரம் போல இருக்கிறது. பரப்பளவு எப்படி மீற்றராகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடுத்துண்டைப் பாருங்கள். பஸ் செக்கனுக்கு 12 மீற்றர் வீதம் 30 செக்கன் ஓடினால் 360 மீற்றர். வரைபில் அந்தப் பெருக்கம் 12 உயரமும் 30 அகலமும் உள்ள செவ்வகம். செக்கனுக்கு மீற்றரைச் செக்கனால் பெருக்கினால் செக்கன் வெட்டுப்பட்டு மீற்றர் மிஞ்சுகிறது. தாளில் அது சதுர சென்ரிமீற்றராகத் தெரிந்தாலும் அச்சுகளின் அலகுப்படி அது மீற்றர்தான்.

சரிந்த துண்டுக்கு என்ன செய்வது? அதை மெல்லிய மெல்லிய நிலைக்குத்துக் கீற்றுகளாக வெட்டுவதாக நினையுங்கள். ஒவ்வொரு கீற்றுக்குள்ளும் வேகம் கிட்டத்தட்ட மாறவில்லை, ஆகவே ஒவ்வொன்றும் ஒரு ஒல்லிச் செவ்வகம். எல்லாவற்றையும் கூட்டினால் முக்கோணத்தின் பரப்பு கிடைக்கிறது. முதல் துண்டுக்கு அரைவாசி × 10 × 12, 60 மீற்றர். கடைசித் துண்டுக்கு அரைவாசி × 6 × 12, 36 மீற்றர். மொத்தம் 456 மீற்றர். முழு உருவத்தையும் ஒரு சரிவகமாக எடுத்துச் சரிபார்க்கலாம்: சமாந்தரப் பக்கங்கள் 46 உம் 30 உம், கூட்டி அரைவாசியாக்க 38, அதை 12 ஆல் பெருக்க 456. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் மனம் ஆறும்.

இந்த யோசனை 14 ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் நிக்கோல் ஒரேம் என்ற அறிஞருக்கு வந்திருந்தது. வேகத்தை உயரமாக நிறுத்தி, நேரத்தைக் கிடையாக நீட்டி, சீராக வேகம் கூடும் பொருள் போகும் தூரம் நடுவேகத்தில் சீராகப் போகும் பொருளின் தூரத்துக்குச் சமம் என்று முக்கோணத்தையும் செவ்வகத்தையும் வைத்தே காட்டினார். கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலில் விழும் பொருட்களுக்கு அதே வகையான முக்கோணத்தைப் பயன்படுத்தினார். நீங்கள் கொப்பியில் போடும் அரைவாசி × அடி × உயரம் அவ்வளவு பழையது.

வளைந்த வேகக் கோடு வந்தால் கட்டங்களை எண்ணலாம். கிடையில் ஒரு சென்ரிமீற்றர் 2 செக்கன், நிலைக்குத்தில் ஒரு சென்ரிமீற்றர் செக்கனுக்கு 2 மீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரம் 4 மீற்றர். பாதிக்கு மேல் கோட்டுக்குக் கீழே உள்ள கட்டத்தை ஒன்றாக எண்ணுங்கள், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரே தாளில் மூன்று வரைபுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள்: மேலே இடப்பெயர்ச்சி, நடுவே வேகம், கீழே ஆர்முடுகல். நேர அச்சு மூன்றுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். 10 ஆம், 40 ஆம், 46 ஆம் செக்கன்களில் மேலிருந்து கீழே புள்ளிக்கோடு இழுங்கள். கீழேயுள்ள வரைபு 1.2 இல் ஒரு கிடைத்துண்டு, பூச்சியத்தில் ஒன்று, −2 இல் ஒன்று என்று இருக்கும். மேலேயுள்ள வரைபு 10 ஆம் செக்கன் வரை நிமிர்ந்து வளைந்து 60 மீற்றருக்கு வரும், 40 ஆம் செக்கன் வரை நேர்கோடாக 420 க்குப் போகும், பிறகு சாய்ந்து 456 இல் கிடையாகும். துண்டுகள் சேரும் இடத்தில் மேல் வரைபில் முறிவு வராமல் வரையுங்கள். முறிவு என்றால் வேகம் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவியது என்று அர்த்தம், பஸ் அப்படித் தாவவில்லை. மேலே படகுக்கு நாம் வரைந்த வரைபில் முறிவுகள் இருந்தன. அது கணக்கைச் சுருக்க எடுத்த வசதி, உண்மைப் படகின் கோடு அந்த மூலைகளில் வழுக்கி வளையும்.

இந்த மூன்றடுக்கு வரைபை வாரத்துக்கு ஒன்று வீதம் வேறு வேறு பயணத்துக்கு வரைபவருக்கு, என் அனுபவத்தில், வேறு பயிற்சி அதிகம் தேவைப்படுவதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, போனில் வேகம் காட்டும் செயலியை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை பார்த்து எழுதினால் உண்மையான தரவே கிடைக்கும். அது மணிக்குக் கிலோமீற்றரில் காட்டும், வரைய முன் 3.6 ஆல் பிரித்துக்கொள்ளுங்கள். கிண்ணியாப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 33 செக்கன் எடுத்தால் உங்கள் சராசரி வேகம் செக்கனுக்கு 12 மீற்றர். வண்டி ஓட்டுபவர் அளக்க வேண்டாம், பின்னால் இருப்பவர் அளக்கட்டும்.

மேலே எறிந்த பந்து

ஒரு கரப்பந்தைச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் நேர் மேலே எறியுங்கள். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் கணக்குச் சுத்தமாக வரும். மேல்நோக்கி நேர்.

வேகம் தொடக்கத்தில் 10. ஒவ்வொரு செக்கனும் 10 குறைகிறது. 1 ஆம் செக்கனில் பூச்சியம், 2 ஆம் செக்கனில் −10. வரைபு 10 இலிருந்து −10 வரை ஒரே நேர்கோடு, நடுவில் நேர அச்சை வெட்டுகிறது. அச்சுக்கு மேலேயுள்ள முக்கோணம் 5 மீற்றர், கீழேயுள்ளது −5 மீற்றர். கூட்டினால் பூச்சியம், பந்து கைக்கு வந்துவிட்டது. குறியை விட்டுக் கூட்டினால் 10 மீற்றர், அது பந்து போன தூரம்.

இங்கே ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"சேர், உச்சியில பந்து நிக்குதுதானே, அப்ப ஆர்முடுகலும் பூச்சியம்தானே?"

"நிக்குது எண்டால் அடுத்த கணமும் அங்கேயே நிக்க வேணுமே தம்பி. நிக்குதா?"

"இல்லை சேர், விழுது."

"அப்ப வேகம் மாறிக்கொண்டுதானே இருக்குது. கோட்டைப் பாரும், அந்த இடத்தில சரிவு குறைஞ்சிருக்கா?"

கோடு அச்சை வெட்டும் இடத்திலும் அதன் சரிவு அதே −10 தான். கோட்டின் உயரம் பூச்சியம், சரிவு பூச்சியமில்லை. வேகம் பூச்சியமாவதும் ஆர்முடுகல் பூச்சியமாவதும் இரண்டு வேறு செய்திகள் என்பதை இந்தக் கோட்டை விடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

வேகக் கோடு நேர அச்சை வெட்டிக் கடக்கும் இடத்தில்தான் பொருள் திரும்புகிறது. தொடக்கத்தில் சொன்ன "எந்த நேரத்தில் திரும்பியது?" என்ற கேள்விக்கு விடை அங்கே. கோடு இறங்குவதால் மட்டும் பொருளின் கதி குறைகிறது என்றும் எடுக்கக் கூடாது. பந்து விழும்போதும் கோடு இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் பந்தின் கதி கூடித்தான் வருகிறது. வேகத்தின் குறியும் ஆர்முடுகலின் குறியும் ஒன்றாக இருந்தால் கதி கூடும், வேறாக இருந்தால் குறையும்.

இதே பந்தின் இடப்பெயர்ச்சி - நேர வரைபு ஒரு பரவளைவு, 1 ஆம் செக்கனில் 5 மீற்றர் உச்சி. அதைப் பார்த்துப் பந்தைச் சாய்வாக எறிந்ததாக நினைத்துவிட வேண்டாம். பந்து ஏறியதும் இறங்கியதும் ஒரே நேர்கோட்டில். நேரம் வலப்பக்கம் நகர்வதால்தான் கோடு விரிந்து தெரிகிறது.

ஒரே தாளில் இரண்டு வாகனம்

திருகோணமலைக்கு வரும் ரயில் பாதை கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாக வருகிறது. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் விலக வேண்டுமென்றால் மாற்றுப் பாதை உள்ள நிலையத்தில்தான் முடியும். இப்படிப்பட்ட பாதைகளுக்கு நேர அட்டவணை போடுபவர்கள் ஒரு இடப்பெயர்ச்சி - நேர வரைபைத்தான் வரைவார்கள். கிடையில் மணித்தியாலம், நிலைக்குத்தில் நிலையங்கள், இடைத்தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில். ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. சரிவு கூடினால் விரைவு வண்டி, கிடைத்துண்டு என்றால் நிலையத்தில் தரிப்பு. ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டும் புள்ளி ஒரு நிலையத்தின் மட்டத்தில் விழவேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே விழுந்தால் அட்டவணையைத் திருத்தியே ஆகவேண்டும். பாடசாலையில் படிக்கும் ஒரு வரைபு ஆட்களின் உயிரைக் காக்கும் வேலையைச் செய்வது இங்கே கண்கூடு.

இடப்பெயர்ச்சிக் கோடுகள் இரண்டு வெட்டினால் இரண்டு பொருளும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில். வேகக் கோடுகள் வெட்டினால் இரண்டுக்கும் அந்த நேரத்தில் ஒரே வேகம், இடம் வேறாக இருக்கலாம். பரீட்சையில் இந்த இடத்தில் சறுக்குபவர்கள் அதிகம். செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வரும் ஒரு சைக்கிள், நிற்கும் பஸ்ஸைக் கடக்கும் அதே கணத்தில் பஸ் 1.2 ஆர்முடுகலோடு புறப்படுகிறது என்று வையுங்கள். வேகக் கோடுகள் 5 ஆம் செக்கனில் வெட்டுகின்றன. அப்போது சைக்கிள் 30 மீற்றர் போய்விட்டது, பஸ் 15 மீற்றர்தான். பஸ் சைக்கிளைப் பிடிப்பது 10 ஆம் செக்கனில், 60 மீற்றரில். பஸ் கோட்டின் கீழேயுள்ள முக்கோணமும் சைக்கிள் கோட்டின் கீழேயுள்ள செவ்வகமும் அந்த நேரத்தில்தான் சமமாகின்றன.

ஆர்முடுகல் - நேர வரைபைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கீழுள்ள பரப்பு வேக மாற்றம். முன்பு பார்த்த நிலாவெளி வீதி பஸ்ஸுக்கு 1.2 × 10 = 12, −2 × 6 = −12, கூட்டினால் பூச்சியம். ஓய்விலிருந்து கிளம்பி ஓய்வுக்கு வந்த வண்டிக்கு அப்படித்தான் வரவேண்டும்.

அடுத்த முறை கரைக்குப் போகும்போது எடுத்துச் செல்ல ஒரு வரைபு. வேகம், முதல் 20 செக்கன் செக்கனுக்கு 1 மீற்றர். அடுத்த 5 செக்கன் பூச்சியம். அதற்கடுத்த 10 செக்கன் செக்கனுக்கு −1.5 மீற்றர். முதலில் தாளில் வரைந்து, பரப்பைக் கண்டு, எங்கே போய் நிற்பீர்கள் என்று எழுதிவையுங்கள். பிறகு கூட்டாளி நேரம் சொல்லச் சொல்ல நடங்கள். பூச்சியக் குச்சியிலிருந்து நேர்ப்பக்கம் 5 மீற்றரில் நிற்க வேண்டும். மொத்தம் நடந்த தூரம் 35 மீற்றர்.